பாட்டுக்கும் ஒரு செக்கிங் ரிப்போர்ட்

இளங்கோவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். திருப்பூர் நல்லூரில் நஞ்சப்பன் நடத்திய பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக அவன்தான் செக்கிங். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பான், உள்ளே வெளியே திருப்புவான், கழுத்தை இழுத்து விடுவான், குறை என்று பட்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவான். இந்த ஆறு வருடத்தில் "நல்லா இருக்குது" என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து கேட்டதாகச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் காபியில் சர்க்கரை தூக்கல், ஜன்னல் கதவு கோணல், பெண்ணின் அண்ணன் சட்டையில் காலர் ஏறி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவன். இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் தட்டிப்போவதற்கு ஜாதகம்தான் காரணம் என்று அவன் அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவனிடம் போய்ப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாராவது கொடுப்பார்களா? நஞ்சப்பன் கொடுத்தார்.

இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில் தையல் ஹாலில் இருந்த சிடி பிளேயர் உயிரை விட்டது. அதில் ஐந்து வருடமாகப் பாடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சிடி, நாற்பது பாட்டு. முப்பத்தொன்றாவது பாட்டுக்கு டீ வரும், முதலிலிருந்து சுற்றிப் பன்னிரண்டாவது பாட்டுக்குச் சோற்றுப் பெல் அடிக்கும். பதினேழாவது பாட்டில் ஒரு கீறல். அங்கே சத்தம் நின்றுவிடும். ஹாலில் இருக்கிற எழுபது பேரும் மிஷினை விட்டுத் தலை தூக்காமலே அந்த அரை வரியைச் சேர்ந்து பாடி முடிப்பார்கள். சிடி அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அது பாட்டிலேயே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். எஃப்எம் வைக்கலாம் என்றால் தகரக் கூரைக்கு அடியில் இரைச்சலைத் தவிர எதுவும் எடுபடவில்லை.

பிளேயர் போன மூன்றாம் நாள் ராக்கையா செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு டெய்லர்களுக்கு அவர்தான் தலைமை. பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குத் தகுந்த கூலிக்குத் தைக்கிறவர்கள். கை வேகம் பேர்போனது. அவர் மனைவி சின்னத்தாய் பனியனுக்குக் கழுத்து வைப்பவள்.

"சார், ஒரு விசயம்" என்றார் ராக்கையா, தரையைப் பார்த்துக்கொண்டே. "பொங்கலுக்கு ஊருக்குப் போறோம். திரும்பி வரையில எதுத்த கம்பெனிக்கு வரச் சொல்லுதாக. அங்கன பாட்டு நல்லாப் பாடுதாம். புள்ளையளும் அங்கயே போவோம்ங்குது."

கனடாவுக்குப் போக வேண்டிய நாற்பதாயிரம் பீஸ், கையில்லாத குழந்தைப் பனியன், ஜனவரிக் கடைசிக்குள் கப்பல் ஏற வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆட்கள் கம்பெனி மாறுவது திருப்பூரில் வழக்கம்தான். ஆனால் இந்தப் பன்னிரண்டு பேர் போனால் ஆர்டரும் போய்விடும். இளங்கோ விஷயத்தை முதலாளியிடம் கொண்டுபோனான்.

நஞ்சப்பன் நல்ல மனிதர்தான். எதற்கும் காசு கேட்காதவரை தங்கமானவர். "புது பிளேயர் எதுக்குக் கண்ணு? சரக்கு வாங்கற பையர் மெயிலுக்குன்னு இன்டர்நெட் போட்டு மாசாமாசம் அழுதுட்டிருக்கறமல்ல. அதுல பாட்டு சும்மாவே வருதாமா. நாலஞ்சு கம்பெனி உடறானாம். எது நம்முளுக்குத் தோதுன்னு நீயே செக் பண்ணிச் சொல்லு. உன்ற கண்ணுக்குத் தப்புமா?" என்றவர், எழுந்து போகும்போது சாதாரணமாகச் சொன்னார்: "ராக்கையன் டீமு போச்சுன்னா நீயும் அவுங்க கூடவே பஸ் ஏறிக்க சாமி."

அன்று மாலையே ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஹால் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கப்பட்டது. இளங்கோவுக்குத் தெரிந்த பரிசோதனை ஒன்றே ஒன்று. பையருக்கு அனுப்பும் செக்கிங் ரிப்போர்ட் படிவம் மூன்றை எடுத்தான். 'ஸ்டைல்' என்ற இடத்தில் 'பாட்டு' என்று எழுதினான். 'கலர்' என்ற இடத்தில் கோடு போட்டான். ஏ சாம்பிள், பி சாம்பிள், சி சாம்பிள் என்று மூன்று இணையதளங்களுக்கும் பெயர் வைத்துவிட்டு, மெயில் பார்க்கும் மைதிலியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"அளவு எடுக்க டேப்பு வேணுங்களாண்ணா?" என்றாள் மைதிலி. அவன் பேனாவைத் திறந்தான்.

ஏ சாம்பிளில் கடல் போலப் பாட்டு இருந்தது. பழசு, புதுசு, பக்தி, சோகம், எல்லாம். ஆனால் பத்து வினாடி பாடும், இருபது வினாடி மூச்சு வாங்கும். பாட்டுக்குத் தகுந்தாற்போல் பெடலை மிதித்துப் பழகிய கால்கள் பாட்டு நின்றதும் தாமாக நின்றன. அந்த நேரம் பார்த்து மைதிலி பனியன் போட்டோ ஒன்றைக் கனடாவுக்கு அனுப்ப, அது போய்ச் சேரும்வரை ஒரு பாடகர் "ஆ" என்று திறந்த வாயை மூடவே இல்லை. "மேஜர் டிஃபெக்ட்" என்று எழுதி ஏ சாம்பிளைத் தள்ளினான்.

பி சாம்பிள் தடங்கலில்லாமல் பாடியது. ஆனால் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டுக்கு யாராவது போய் அமுக்க வேண்டும். தானாக வரிசையாய்ப் பாட வேண்டுமென்றால் வெளிநாட்டு கார்டு நம்பர் கேட்டது. "நாலு நிமிசத்துக்கு ஒருக்கா நான் அமுக்கிட்டிருந்தா மெயிலை உங்க அப்புச்சியா வந்து அடிப்பாரு?" என்று மைதிலி கேட்டதும் பி சாம்பிளும் விழுந்தது.

சி சாம்பிள் கனடாவில் டொரண்டோவிலிருந்து தமிழர்கள் நடத்தும் ஓர் இணைய வானொலி. பெயர் வெண்பனி. இருபத்துநான்கு மணி நேரமும் தானே பாடும், அமுக்க வேண்டாம், மூச்சு வாங்காது. இளங்கோ கேட்டபோது மாலை ஆறரை. குத்துப்பாட்டாக வந்து விழுந்தது. ஒன்றரை ஷிப்டுக்கு, அதாவது இரவு எட்டரை வரைக்கும், நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அயர்ன் டேபிளில் ஒருவர் பெட்டியை வைத்துவிட்டே ஆடினார். மூன்று பாட்டு கேட்டு, படிவத்தின் அடியில் 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சாம்பிள் நன்றாக இருந்து, மொத்தமாக வந்து இறங்கும்போது கழுத்தறுக்கிற துணியை வாழ்நாளில் நூறு தடவை பார்த்தவன், பாட்டு விஷயத்தில் அதை மறந்துவிட்டான்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பித்தது. மைதிலி வெண்பனியை வைத்தாள். தேன் தடவின குரலில் ஒரு பெண் பேசினார்.

"அன்பான நேயர்களே, நேரம் இரவு பத்து மணி. பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். வெளியிலே மைனஸ் பதினெட்டு பாகை. விளக்கைக் குறைத்துவிட்டுப் போர்வைக்குள் வாருங்கள். இது உங்கள் 'கண்ணுறங்கு வேளை'."

பிறகு வந்ததெல்லாம் தாலாட்டு. தாலாட்டு இல்லையென்றால் தாலாட்டைவிட மெதுவான பாட்டு. பதினொரு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்தவர்களைப் புல்லாங்குழல் பிடித்துக்கொண்டது. நள்ளிரவுக்குப் பிறகு அங்கே பேச்சே கிடையாதாம், குழல் மட்டும்தானாம். ஓவர்லாக் மிஷின்கள் ஒன்றொன்றாக வேகம் குறைந்தன. கட்டிங் பீஸ் குவியலில் இரண்டு பேர் சாய்ந்தார்கள். ராக்கையாவே ஒரு தடவை கொட்டாவி விட்டு, விட்ட வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். ரவுண்டு வந்த நஞ்சப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கண்ணு, எழவு ஊடு மாதிரி இருக்குது?"

"சாயந்தரம் நல்லாத்தானுங்க பாடுச்சு" என்றான் இளங்கோ.

சாயந்தரம் நன்றாகத்தான் பாடியது. நமக்குப் பொழுது சாயும்போது டொரண்டோவில் விடிகிறது என்பதை மைதிலிதான் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஏழு மணிக்கு ஹால் துள்ளியது. நடுநடுவே சாலையில் பனி அள்ளுகிற வண்டி வருகிறது, பிள்ளைகளுக்குக் குல்லாயும் கையுறையும் போட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று எச்சரிக்கை வேறு. சின்னத்தாய் கையில் இருந்த பனியனைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மிஷினிடம் கேட்டாள்: "ஏட்டி, இவ்வளவு குளிருல இந்தக் கையில்லாத பனியன எந்தப் புள்ளைக்குப் போடப் போறாக? பாவம்லா." கோடைக்கு என்று யாரோ சொன்ன பிறகும் அவள் மனம் சமாதானமாகவில்லை.

ஒன்றரை ஷிப்ட் என்றாலே நழுவுகிறவர்கள் இப்போது விழுந்தடித்துக்கொண்டு நின்றார்கள். காலையில் தூங்கினார்கள், மாலையில் தைத்தார்கள். ஆனால் மாலையில் இருப்பது மூன்று மணி நேரம், காலையிலிருந்து போவது எட்டு மணி நேரம். பீஸ் ரேட்டுக்காரர்களுக்கு இது கட்டுப்படியாகுமா? வியாழக்கிழமை ராக்கையா மறுபடி வந்தார்.

"சார், சனிக்கிழமைக்குள்ள எதுத்த கம்பெனிக்கு ஒரு வார்த்த சொல்லணுமாம். நாங்க சரின்னு சொல்லலாம்னு இருக்கோம்."

"பாட்டை மாத்திரலாமுங்க. ரெண்டு நாள் பொறுங்க" என்று கெஞ்சினான் இளங்கோ. ராக்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டேபிளில் குவிந்திருந்த தன் டீமின் பனியன்களையும் அவற்றின்மேல் சிவந்து கிடந்த அம்புக்குறிகளையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்ரூவ்டு என்று கையெழுத்துப் போட்ட சாம்பிளை அவனே மாற்றுவதா? கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பையர் சரக்கில் குறை கண்டால் என்ன செய்வார்? குறையை எழுதி அனுப்பித் திருத்தச் சொல்வார். அதே வழி. இன்னொரு படிவம் எடுத்தான். குறை: தூக்கம். வகை: மேஜர். அளவு: காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தவன் கட்டம் நிறைந்து, பின்பக்கம் திருப்பி, அதுவும் நிறைந்த பிறகுதான் பேனாவை மூடினான். மைதிலியிடம் மடித்துக் கொடுத்து, படிக்காமல் ஸ்கேன் செய்து வெண்பனிக்கு அனுப்பச் சொன்னான். பையர்கள் செய்கிற மாதிரி இரண்டு நாளில் மெயிலில் பதில் போடுவார்கள் என்று எதிர்பார்த்தான்.

படிக்காமல் ஸ்கேன் செய்ய மைதிலி என்ன மிஷினா? படித்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. நஞ்சப்பன் ரவுண்டில் ஹாலுக்கு நடுவே நின்றிருந்தார். தாலாட்டு ஒன்று முடிந்து தேன் குரல் வந்தது.

"நேயர்களே, நேரம் இரவு பதினொரு மணி. இன்றைக்கு எங்களுக்கு ஒரு விசித்திரமான மடல் கிடைத்திருக்கின்றது. திருப்பூர் நல்லூரிலிருந்து, பனியன் கம்பெனியொன்றின் தரக்கட்டுப்பாட்டாளர் இளங்கோ அவர்கள், அட்டவணையெல்லாம் போட்டு எழுதியிருக்கிறார். முழுவதையும் வாசிக்கின்றேன்."

எழுபது தலைகள் செக்கிங் டேபிள் பக்கம் திரும்பின. இளங்கோவின் கையிலிருந்த பனியன் கீழே விழுந்தது.

"'மதிப்பிற்குரிய வெண்பனி நிறுவனத்தாருக்கு. தங்கள் சரக்கில் காலை நேரத்தில் தூக்கம் அதிகமாக உள்ளது. உடனே திருத்தி அனுப்பவும். எங்கள் கம்பெனியில் ஐந்து வருடமாக ஒரே சிடி. எங்கள் முதலாளி சும்மா வந்தால் ஒழிய எதையும் வாங்கமாட்டார் என்பதால் தங்களைத் தேர்ந்தெடுத்தோம்...'"

ஹாலில் சிரிப்பு வெடித்தது. நஞ்சப்பன் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார், பிறகு இளங்கோவைப் பார்த்தார். இளங்கோ அதைப் பார்க்க நிற்கவில்லை. மிஷின் வரிசைகளுக்கு இடையில் ஓடி, கட்டிங் பீஸ் மூட்டையைத் தாண்டி ஆபீஸ் அறைக்குள் பாய்ந்தான்.

"அமுத்து மைதிலி! நிறுத்து!"

மைதிலி மவுஸின்மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டாள். "இருங்கண்ணா. இனித்தான் முக்கியமானதே வருது."

"'எங்கள் கம்பெனியில் ராக்கையா குழு என்று பன்னிரண்டு பேர். பாட்டு சரியில்லை என்று வேறு கம்பெனிக்குப் போகப் போகிறார்கள். அவர்கள் போனால் என் வேலையும் போகும், ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒரு வருடமாக அவர்கள் தைத்த பனியனில் சொல்லும்படியான குறை எதுவும் நான் பார்க்கவில்லை. தினம் பத்து ஸ்டிக்கராவது ஒட்டவில்லை என்றால் எனக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி கேட்பார் என்ற பயம். அதனால் நூல் முனை நீட்டியிருந்தாலும் குறை என்று ஒட்டித் திருப்பினேன். அவர்களும் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தார்கள். சின்னத்தாய் அக்கா வைக்கிற கழுத்தைப் போல் இந்த ஊரில் யாருக்கும் வைக்க வராது. இதை அவர்களிடம் நான் சொன்னதே இல்லை, சொல்ல வாய் வருவதில்லை. தாங்கள் வெகுதூரத்தில் இருப்பதால் தங்களிடம் சொல்கிறேன்.'"

சிரிப்புச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. ஆபீஸ் கண்ணாடி வழியாக எழுபது முகங்கள் தெரிந்தன. அவமானம் என்றால் என்னவென்று இளங்கோவுக்கு அன்றுதான் தெரிந்தது. தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடலாமா என்றிருந்தது.

"திருப்பூர் நண்பரே" என்றது குரல், "எங்களுக்கு இது உறங்கும் வேளை. ஆனாலும் உங்களுக்காகவும் அந்தப் பன்னிரண்டு பேருக்காகவும் ஒரு துள்ளல் பாடல். டொரண்டோ நேயர்கள் எழும்பியிருந்தால் மன்னிக்க வேண்டும்."

குத்துப்பாட்டு அதிர்ந்தது. ஆனால் ஒருவர் காலும் பெடலைத் தொடவில்லை. வேறு வழியில்லாமல் இளங்கோ வெளியே வந்தான். நஞ்சப்பன்தான் முதலில் பேசினார்.

"கனடா வரைக்கும் என்ற பேரைக் கொண்டுபோயிட்டீல்ல? இருக்கட்டும். தெனம் பத்து ஒட்டோணும்னு நானு எப்பக் கண்ணு சொன்னேன்?"

"சொல்லலீங்க."

"பொறகு?"

"நானா நெனச்சுக்கிட்டனுங்க."

ராக்கையா எழுந்து வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாட்டுக்காகவா சார் போறோம்னு நெனச்சிய? பாட்டு எங்கயும்தான் பாடுது. உங்க ஸ்டிக்கருக்காகத்தான் போறதா இருந்தோம். மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்லுதது? சங்கடமா இருந்துச்சு, அதான் பாட்டு மேல போட்டேன்."

இதற்காகவா ஏ, பி, சி என்று மூன்று படிவம் நிரப்பினோம் என்று இளங்கோ திகைத்து நின்றான். அதற்குள் சின்னத்தாய் தன் மிஷினிலிருந்து அப்போது இறங்கிய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"கனடாவுக்கு எழுதுனது கெடக்கட்டும். இந்தா, எங்கிட்டச் சொல்லுங்க."

ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கம் விடவில்லை, கை தானாகப் பனியனைத் திருப்பியது, கழுத்தை இழுத்தது. இடது தோளுக்குப் பக்கத்தில் இரண்டு தையல் விட்டுப்போயிருந்தது. நிஜக் குறை. ஒரு வருடத்தில் அவள் கையிலிருந்து வந்த முதல் நிஜக் குறை, இந்த நிமிடம் பார்த்து.

நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டால் பன்னிரண்டு பேரும் தங்கிவிடுவார்கள், வேலையும் பிழைக்கும். ஆனால் இத்தனை நாள் இல்லாததை இருக்கிறதென்று சொன்னவன், இன்றைக்கு இருப்பதை இல்லையென்று சொல்வதா?

"நல்லா இருக்குதுங்கக்கா" என்றான். "கழுத்து ரொம்ப நல்லா இருக்குது. ஆனா... இந்த எடத்துல ரெண்டு தையல் உட்டுப்போயிருக்குதுங்க."

யாரோ "அடப்பாவி" என்றார்கள். சின்னத்தாய் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தடவினாள். ராக்கையா எட்டிப் பார்த்தார்.

"ஆமா" என்றாள். "விட்டுத்தான் போயிருக்கு. நாலு நாளா இந்தப் பொம்பள தாலாட்டுப் பாடுதா, கண்ணு சொருகாம என்ன செய்யும்?"

இடத்துக்குத் திரும்பினாள். உட்கார்ந்து, தையல் விட்ட அந்த இடத்தை மட்டும் பிரித்தாள். ஒரு வருடமாக அவன் திருப்பி அனுப்பிய எந்தப் பனியனையும் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு பிரித்ததில்லை.

"ஏங்க" என்று தலை தூக்காமலே கணவனைக் கூப்பிட்டாள், "எதுத்த கம்பெனிக்காரன் போன் போட்டா, நாம வரலன்னு சொல்லிருங்க."